விசாலாட்சி மெஸ்ஸும் ஏழு மணி போட்டும்

பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் ஒரு தகரப் பலகை தொங்கும். சாத்தம் போகும் முதல் போட் காலை ஏழு மணி என்று அதில் மூன்று மொழியில் எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு ஏழுக்கு வந்து நிற்கிறவன் ஊருக்குப் புதுசு. போட் கிளம்புவது வேதநாயகம் சராங்கு சாப்பிட்டு எழுந்திருக்கிற நேரத்துக்கு. போட்டை ஓட்டுகிறவருக்குத் தீவில் சராங்கு என்று பெயர். அவர் ஒரு நாள் ஏழு பத்துக்கு எழுவார், ஒரு நாள் ஏழே காலுக்கு எழுவார். ஊரில் கைக்கடிகாரம் கட்டியவர்கள் நாலைந்து பேர்தான். அந்தக் கடிகாரங்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. அதனால் சண்டையும் வந்ததில்லை.

எதிர்க்கரையில் இருக்கும் சாத்தத்துக்குக் கால் மணி நேரக் கடல். ஏழரைக்கு அங்கே மர ஆலையில் சங்கு ஊதும். அடுத்த போட் எட்டரைக்குத்தான். முதல் போட்டை விட்டால் ஆலைத் தொழிலாளிக்கு அரை நாள் போச்சு. என்னைப் போன்ற ஆபீஸ் குமாஸ்தாவுக்கு வருகைப் பதிவேட்டில் சிவப்பு மை. மூன்று சிவப்பு மை விழுந்தால் ஒரு நாள் லீவ் கழியும். மெயின்லேண்டுக்குப் போகக் கப்பலிலேயே நாலு நாள் கழியும் ஊரில், லீவ் என்பது எங்களுக்கு உயிர். வயிறும் நிறைய வேண்டும், போட்டும் கிடைக்க வேண்டும் என்றால் வழி ஒன்றுதான். சராங்கு எந்தக் கடையில் உட்காருகிறாரோ அந்தக் கடையில் உட்கார வேண்டும். அவர் இல்லாமல் போட் எங்கே போகும்?

அவர் உட்கார்ந்தது விசாலாட்சி மெஸ்ஸில். மூங்கில் தட்டி, தகரக் கூரை, கப்பலில் சாமான் வந்த பெட்டிகளை உடைத்து அடித்த நாலு பெஞ்சு. பெயர்ப்பலகை கிடையாது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஐம்பத்தேழில் வந்து இறங்கிய புருஷன் பெண்டாட்டி இருவர் நடத்தியது. சொக்கலிங்கம் அடுப்படியில், விசாலாட்சி அக்கா பரிமாறுவாள். தினம் மூன்று படி அரிசி அரைத்து இட்லி. தேங்காய்க்கு இங்கே என்ன பஞ்சம், சட்னி கெட்டியாக இருக்கும். கேட்டவருக்கு முந்தின நாள் மீன் குழம்பு. மழைக்காலத்தில் அந்தக் குழம்பைச் சுடவைத்து இட்லியின் தலையில் ஊற்றினால், மனுஷன் எதற்காகக் கடல் தாண்டி வந்தான் என்பதே மறந்துபோகும்.

நான் கும்பகோணத்துக்காரன், பெயர் ஜெகநாதன், அப்போது கல்யாணம் ஆகவில்லை. எனக்கு அந்தப் பக்கம் பெஞ்சில், மழை ஒழுகாத மூலை. எனக்கு எதிரே பழனிசாமி. சேலத்துக்காரர், ஆலையில் மரத்தடி உருட்டுகிறவர், முன்பல் நாலும் கிடையாது. ஒரு இட்லியை எட்டாகப் பிய்த்து, ஒவ்வொரு துண்டையும் வாயில் அங்கிட்டும் இங்கிட்டும் ஒதுக்கித்தான் உள்ளே அனுப்புவார். அவர் சாப்பிடுவதைப் பார்த்தால் நமக்குத் தூக்கம் வரும். ஆனால் ஒரு நாளும் அவர் போட்டைத் தவறவிட்டதில்லை. அது ஏன் என்று எங்களில் ஒருத்தனும் யோசித்ததில்லை. மடையர்கள்!

அறுபத்தொன்பதாம் வருஷம் ஜூன் மாதம் மழையோடு மழையாக சாரங்கா பவன் வந்தது. மெட்ராஸில் தலைமை, ஒன்பதாவது கிளை எங்கள் ஜெட்டி முன்னால். மார்பிள் மேஜை, கண்ணாடி அலமாரி, பரிமாறுகிறவர்களுக்கு வெள்ளைத் தொப்பி. குறை சொல்லக் கூடாது, சாம்பார் நன்றாகவே இருந்தது. மானேஜர் திருநாவுக்கரசு மெலிந்த மனிதர், மரியாதைக்காரர், அதிர்ந்து பேச மாட்டார். வந்த முதல் வாரம் ஈ ஓட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நின்றவர் சும்மா நிற்கவில்லை. கூட்டம் யார் பின்னால் போகிறது, யார் எழுந்ததும் எழுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

எட்டாவது நாள் குடையோடு ஜெட்டிக்குப் போய் வேதநாயகத்தைக் கையோடு அழைத்து வந்தார். ஜன்னல் ஓரமாக ஒரு தனி நாற்காலி, அதன்மேல் மெத்தை, முன்னால் வெள்ளித் தம்ளர். கேப்டன் சார் என்று கூப்பிட்டார்களாம். வேதநாயகம் மணப்பாட்டுக்காரர், பதினாலு வயதில் கடலில் இறங்கி அறுபது நெருங்கும்வரை எவனும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. நல்ல மனிதர்தான். ஆனால் கேப்டன் சார் என்ற பிறகு யாருக்குத்தான் கால் தரையில் நிற்கும்?

சராங்கு போனார். அவர் பின்னால் முப்பத்திரண்டு பேர் போனோம். ஆமாம், நானும்தான். பத்து வருஷம் அந்தக் கையால் தின்றவன், விசாலாட்சி அக்கா வாசலில் நிற்பதைப் பார்த்தும் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டு போனேன். லீவ் பயம். என்ன சொன்னாலும் வெட்கம் வெட்கம்தான்.

மெஸ்ஸில் அன்று மூன்று படி மாவும் வீணாய்ப் போனது. மறுநாள் ஒன்றரைப் படி. அடுத்த வாரம் அரைப் படி. ஜெட்டியில் மூட்டை தூக்கும் ஐந்தாறு பேர் மட்டும் அங்கே சாப்பிட்டார்கள். அவர்களுக்குப் போட்டும் கிடையாது, சங்கும் கிடையாது.

ஜூலை நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மனசு கேட்காமல் நான் மெஸ்ஸுக்குப் போனேன். கொல்லைப் பக்கம் இரண்டு பேருக்கும் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை, சாட்சி கிடைத்தது என்று இன்னும் வேகமாக நடந்தது. விஷயம் இதுதான். திருநாவுக்கரசு வந்து சொக்கலிங்கத்தை வேலைக்குக் கேட்டிருக்கிறார். இட்லி மாஸ்டர் உத்தியோகம், மாதச் சம்பளம், ஆகஸ்ட் ஒன்றாம் தேதி சேர வேண்டும். சொக்கலிங்கம் சரி என்று தலையாட்டிவிட்டார். மெஸ்ஸை மூடிவிடலாம் என்கிறார். அக்கா முடியாது என்கிறாள்.

"ஒங்களுக்கு என்ன கேடு வந்துது? அடுத்தவன் அடுப்பு முன்னால தொப்பிய மாட்டிக்கிட்டு நிக்கணுமாக்கும்?" என்றாள்.

சொக்கலிங்கம் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "இவ்வளவு நாளும் என் கைக்குத்தான் வாறாங்கன்னு நெனச்சிட்டிருந்தேன் தம்பி. அந்தச் சராங்கு காலுக்குப் பின்னாலல்லா வந்திருக்கிய. பொறவு நான் எங்க நின்னு அவிச்சா என்ன?"

அக்கா ஒரு தட்டில் மரவள்ளிக்கிழங்கு அவித்ததும் மீன் குழம்பும் வைத்தாள். தின்று முடித்துவிட்டு, திருடன் மாதிரி எழுந்து வந்தேன்.

இதற்கு நடுவே சாரங்கா பவனில் எங்களுக்கு வேறு ஒரு கஷ்டம் ஆரம்பித்திருந்தது. அங்கே உட்கார்ந்த மூன்றாம் நாளே போட்டை விட்டவர் பழனிசாமி. ஒன்றரை இட்லி உள்ளே போயிருக்கும், சராங்கு எழுந்துவிட்டார். பழனிசாமி எச்சில் கையோடு ஜெட்டிக்கு ஓடிவந்தார். போட்டில் கயிறு பிடிக்கிற வங்காளி லஸ்கர் "சலோ சலோ, டைம் ஹோ கயா" என்று நேரமானதைக் கத்திக்கொண்டே கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். தண்ணீருக்கு மேல் கையை நீட்டிக்கொண்டு கிழவர் நின்றதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். அடுத்த வாரம் சிரித்தவர்களில் பாதிப் பேர் ஜெட்டியில் நின்றோம். எனக்கு ஒரு சிவப்பு மை. அதற்கடுத்த வாரம் இன்னொன்று. அவசரத்தில் அள்ளிப் போட்டு விக்கல் எடுத்தவர்கள், காப்பியை ஊதாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டவர்கள் என்று போட்டே ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது.

எல்லோருக்கும் சராங்கின் மேல் கோபம். மெத்தை நாற்காலி கிடைத்ததும் ஆள் மாறிவிட்டார், பழைய ஆட்களை மறந்துவிட்டார் என்று பேச்சு. ஜூலை இருபத்தொன்பதாம் தேதி காலை போட் நடுக்கடலில் போகும்போது ஒருவர் அதை அவர் முகத்துக்கு நேரேயே கேட்டுவிட்டார். வேதநாயகம் சுக்கானை விடவில்லை, ஆனால் நன்றாகவே முறைத்தார்.

"எலேய், மாறுனது நானாலே? அங்கயும் நாலு இட்லி, ஒரு காப்பி. இங்கயும் நாலு இட்லி, ஒரு காப்பி. காப்பி குடிச்சா எந்திரிச்சிருவேன். காப்பிக்கு மேல கடையில குத்தவச்சிப் பேசிட்டிருக்கிற பழக்கம் எனக்கு எந்தக் காலத்துல இருந்துது?"

அவர் சொன்னது நிஜம். அதுதான் எங்களைக் குழப்பியது. ஆபீஸில் உட்கார்ந்து ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. சாரங்கா பவனில் கடைசி விள்ளலை வாயில் போட்டவுடன் வெள்ளித் தம்ளர் வந்துவிடும். மெஸ்ஸில் காப்பி எப்போது வந்தது? சராங்கு சாப்பிட்டுவிட்டு மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு, மழையைப் பற்றியும் மணப்பாட்டுக் கோயிலைப் பற்றியும் கதை சொல்லிக்கொண்டு இருப்பார். அப்புறம்தான் வரும்.

சாயங்காலம் திரும்பியதும் நேரே மெஸ்ஸுக்குப் போனேன். அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சராங்குக்குக் காப்பி தாமதமாக வந்தது ஏன் என்று கேட்டேன். இதைக் கூடவா கேட்க வேண்டும் என்பது போல என்னைப் பார்த்தாள்.

"பின்ன என்ன செய்யணும்? பழனிசாமி அண்ணன் மூணாவது இட்லியப் பிய்க்கிறப்பதான் பால அடுப்புல வைப்பேன். அவரு கை கழுவ எந்திரிச்சாருன்னா சராங்கு அண்ணாச்சி காப்பிய ஆத்துவேன். அவருதான எல்லாருக்கும் கடைசி. அவரு முடிச்சிட்டாருன்னா நீங்க எல்லாரும் முடிச்சிட்டியன்னு அர்த்தம்."

"சராங்குக்கு இது தெரியுமா அக்கா?"

"தெரிஞ்சா இருப்பாரா? தான் எந்திரிக்கிறதுக்காவ ஊரே காத்துக் கெடக்குன்னு அவரு நெனப்பு. இருந்துட்டுப் போவட்டுமே. போட்ட அவரு ஓட்டுனாரு, அவர நான் ஓட்டுனேன்."

இவ்வளவு நாளும் எங்களிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். துருவுவதை நிறுத்தவில்லை. "சொல்லிக்காட்டிக்கிட்டா தம்பி சோறு போடுவாவ?" என்றாள்.

பத்து வருஷம் முப்பத்திரண்டு பேருடைய வாயையும் கண்ணால் அளந்துகொண்டு, அடுப்பில் ஒரு கண், இலையில் ஒரு கண்ணாக அந்த மனுஷி நின்றிருக்கிறாள். நாங்கள் என்னவென்றால் சராங்கு பின்னால் ஓடிவிட்டோம். எனக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கோபத்தோடேயே எதிர்க் கடைக்குப் போய் திருநாவுக்கரசிடம் பேசினேன். கேப்டன் சாருக்குக் காப்பியைக் கொஞ்சம் தாமதமாகக் கொடுங்கள், ஊரே உங்களை வாழ்த்தும் என்றேன். அவர் மிகுந்த வருத்தத்தோடு ஒரு சின்ன அச்சடித்த புத்தகத்தை எடுத்துக் காட்டினார்.

"இலை காலியான மூணாவது நிமிஷம் காப்பி மேஜைக்கு வரணும் சார். ஒன்பது பிராஞ்சுலயும் இதுதான் ரூல். நானா மாத்தினா மெமோ வரும். வேணும்னா மெட்ராஸுக்கு எழுதிக் கேக்கறேன்" என்றார்.

கடிதம் கப்பலில் போய், அவர்கள் கூடிப் பேசி, பதில் கப்பலில் வர எப்படியும் ஒரு மாதம். அதற்குள் எனக்கு எத்தனை சிவப்பு மை விழுமோ! அவரைத் திட்டவும் மனசு வரவில்லை. பாவம், அவர் கையில் ஒரு தம்ளர் காப்பிகூட இல்லை.

முப்பதாம் தேதி, போட்டின் பின்பக்கத்தில் சராங்கின் காதுக்கு எட்டாமல் எல்லோருக்கும் சங்கதியைச் சொன்னேன். மறுநாள் முப்பத்தொன்று. அதற்கு மறுநாள் சொக்கலிங்கம் தொப்பி மாட்டிவிடுவார், மெஸ் மூடிவிடும் என்பதையும் சொன்னேன். பலருக்கும் முகம் தொங்கிப்போனது. சங்கடமும் இருந்தது. நாம் மட்டும் மெஸ்ஸுக்குத் திரும்பினால் ஆயிற்றா? சராங்கு அங்கே மூன்றாம் நிமிஷம் எழுந்து போட்டைக் கிளப்பிவிட்டால்? ஆளுக்கொரு பேச்சு பேசினார்கள். பழனிசாமி மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் நாளைக்கு அம்மிணி கடையிலதானுங்க. போட் போனாப் போவுட்டும். அரை நாள் கூலிதானுங்களே" என்றார்.

அரை நாள் கூலிக்காரன் அப்படிச் சொன்ன பிறகு, சம்பளம் வாங்குகிற நான் என்ன சொல்வேன்? ஆனாலும் ராத்திரி படுத்து மூன்றாவது சிவப்பு மையைத்தான் கனவு கண்டேன்.

முப்பத்தொன்றாம் தேதி விடிந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆறேகாலுக்கு மெஸ்ஸுக்குள் நுழைந்தேன். பழனிசாமி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். ஒருவர் ஒருவராக, குடையை உதறிக்கொண்டு, யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் வந்தார்கள். பெஞ்சு நிறைந்தது. விசாலாட்சி அக்கா எங்களை எண்ணுவது தெரிந்தது. வா என்று சொல்லவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. இலையைப் போட்டாள்.

அரைப் படி மாவுதானே, ஆளுக்கு ஒரு இட்லியோடு தீர்ந்துவிட்டது. உள்ளே சொக்கலிங்கம் பாத்திரத்தை உருட்டும் சத்தம் கேட்டது. ரேஷன் கோதுமை மாவைக் கரைத்து, உப்பும் பச்சை மிளகாயும் போட்டு, கல்லில் ஊற்ற ஆரம்பித்தார். இருப்பது ஒரு கல். ஒரு தடவைக்கு இரண்டு தோசை. முப்பத்திரண்டு வாய். முந்தின நாள் சூரை மீன் குழம்பு கொதித்து வந்தது. தோசை ஒரு பக்கம் முறுகி, ஒரு பக்கம் மெத்தென்று இருந்தது. காத்திருந்து, பங்கு போட்டு, பக்கத்து இலைக்குத் தள்ளிவிட்டுச் சாப்பிட்டோம். அப்படி ஒரு ருசியான நாஷ்டா அதற்கு முன்னும் பின்னும் நான் சாப்பிட்டதில்லை.

ஏழு பத்துக்கு ஜெட்டியில் ஹாரன் அடித்தது.

எல்லோருடைய கையும் ஒரு நிமிஷம் நின்றது. முன்னால் பார்த்தேன். பழனிசாமி தோசையின் ஓரத்தைப் பிய்த்து, குழம்பில் தோய்த்து, வாயில் அந்தப் பக்கம் ஒதுக்கினார். நானும் ஒரு விள்ளலை எடுத்தேன். மறுபடி ஹாரன், இந்தத் தடவை நீளமாக.

சொக்கலிங்கம் தோசைக்கரண்டியோடு வெளியே வந்தார். வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது. கூட்டத்தைப் பார்த்து அவருக்கே பதற்றம்.

"போட்டு போயிரும்யா. எந்திரிங்க, எந்திரிங்க. சங்கு ஊதிருவான்."

ஒருத்தரும் எழவில்லை. பழனிசாமி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார். "போவுட்டுமுங்க. அந்தச் சட்னிய இப்பிடித் தள்ளி உடுங்க."

சொக்கலிங்கம் அப்படியே நின்றார். சட்னி வாளி அவர் பக்கத்தில்தான் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. கண் நிறைந்துவிட்டது மனுஷனுக்கு. அக்காதான் வாளியைத் தூக்கிப் பழனிசாமிக்கு ஊற்றிவிட்டு, கல்லில் தோசை தீய்கிறது என்று புருஷனை அதட்டி உள்ளே அனுப்பினாள்.

மூன்றாவது ஹாரன் அடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு கறுப்புக் குடை. வேதநாயகம் சராங்கு. முழங்கால்வரை நனைந்திருந்தார். உள்ளே பார்த்தார். முப்பத்திரண்டு பேரும் இலையைப் பார்த்தோம்.

"என்னலே இது அநியாயமா இருக்கு? ஒருத்தனும் ஏறாம வெறும் போட்ட ஓட்டிட்டுப் போனா சாத்தத்துல என்னப் பாத்து வழிச்சிட்டுச் சிரிப்பானுவளேலே" என்றார். கோபமாகத்தான் ஆரம்பித்தார், முடியும்போது அழுகிற மாதிரி இருந்தது.

விசாலாட்சி அக்கா அவர் பக்கம் திரும்பினாள்.

"பழனிசாமி அண்ணனுக்கு இன்னும் ஒரு தோசை வரணும் அண்ணாச்சி. உக்காருங்க."

யாரும் எழுந்து இடம் விடவில்லை. அவராகவே ஓரப் பெஞ்சில், கூரை ஒழுகுகிற இடத்தில் உட்கார்ந்தார். சாப்பிட்டாகிவிட்டது, காப்பி மட்டும் கொடு தங்கச்சி என்றார். அதற்கு அக்கா, காப்பி கடைசியில்தான் என்றாள். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. கூரைத் தகரம் அதிரச் சிரித்தோம். சராங்குக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களைப் பார்த்து, அக்காவைப் பார்த்து, வாய்க்குள் ஒவ்வொரு துண்டாக ஒதுக்கிக்கொண்டிருந்த பழனிசாமியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பழனிசாமி கை கழுவ எழுந்தார், அடுப்படியில் காப்பி ஆற்றும் சத்தம் கேட்டது. அப்போது அவர் முகம் மாறியது.

"அட தங்கச்சி" என்றார். தம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அன்று போட் கிளம்பியபோது ஏழே முக்கால். ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்திருந்தது. எனக்கு மூன்றாவது சிவப்பு மை நிச்சயம். போகட்டும் போ என்று நானும் கை கழுவப் போனேன். அங்கே நின்றுகொண்டிருந்தபோது உள்ளிருந்து சொக்கலிங்கம் கேட்டார்.

"ஏளா, நாளைக்கு எத்தன படி ஊறப்போட?"

எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்த விசாலாட்சி அக்கா நின்றாள்.

"மூணு படி" என்றாள். அது எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். இலைகளைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே கேட்கிற மாதிரி இன்னொரு தரம் சொன்னாள்.